எந்த ஊர் வண்டி?

நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே நம்பர் பிளேட் படிக்க வந்துவிடும். டி.என். 28 என்றால் நாமக்கல், 30 என்றால் சேலம், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி. ராசிபுரத்துக்குத் திரும்புகிற ஆண்டகளூர் கேட்டில் மாலை நேரம் அரைமணி உட்கார்ந்தால் போதும், இந்தியாவின் பாதி மாநிலங்கள் கண்முன்னே ஓடிவிடும். பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, இப்போதைய 44, அந்த வழியாகத்தான் போகிறது. அங்கே வளர்ந்த ஒரு பையனுக்குச் சின்ன வயதில் இருந்த ஒரே பொழுதுபோக்கு, வருகிற லாரியின் நம்பரைப் பார்த்து ஊரைச் சொல்வது. அவன் அப்பா லாரி டிரைவர். அதனால் கேள்வி பதில் எல்லாம் வீட்டிலேயே நடக்கும்.

ஒரே ஒரு நம்பர் மட்டும் அவனுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. என்.எல். 01. இந்த எழுத்துகளோடு பெரிய பெரிய டிரெய்லர்கள் நாமக்கல் பட்டறைகளின் வாசலில் வரிசையாக நிற்கும். டிரைவர் நாமக்கல்காரர், முதலாளி நாமக்கல்காரர், பாடி கட்டியதும் நாமக்கல். நம்பர் மட்டும் நாகாலாந்து! 01 என்பது கோஹிமா. ரோட்டு வழியாகப் போனால் 3,000 கிலோமீட்டருக்கு மேல்.

"நீ கோஹிமா போயிருக்கியாப்பா?" என்று அப்பாவைக் கேட்டான்.

"கவுகாத்தி வரைக்கும் போயிருக்கேன் கண்ணு. அதுக்கு மேல லோடு கெடைக்கலை."

"அப்புறம் எப்படி வண்டி அந்த ஊர் வண்டி?"

"பேப்பர் அந்த ஊரு. வண்டி நம்ம ஊரு."

சின்னப் பையனுக்கு இந்தப் பதில் போதுமானதாக இருந்தது. இருபத்தாறு வயதில் தன் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு இதே கேள்வி வந்தபோதுதான் போதவில்லை.

2018ல் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம் பைக் வாங்கியது. விலை ஒன்றரை லட்சம். கர்நாடகாவில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதாவது வரி மட்டும் 27,000 ரூபாய் (செஸ் தனி). அதே வண்டியை அந்த வருடம் சேலத்தில் வாங்கியிருந்தால் 8 சதவீதம், 12,000 ரூபாயோடு முடிந்திருக்கும். தமிழ்நாட்டிலும் 2023 நவம்பரில் இந்த வரியை ஒரு லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 சதவீதம் என்று ஏற்றிவிட்டார்கள். அது பிறகு நடந்த கதை. இங்கே கவனிக்க வேண்டியது, அவன் வரியை மிச்சம் பிடிக்க வெளிமாநிலத்தில் பதிந்தவன் இல்லை. கூடக் கொடுத்தவன்.

2020 மார்ச் மூன்றாம் வாரம், ஊரடங்கு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் துணிப்பையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினான். அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், ஓமலூர், சேலம் என்று இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தான். அந்தப் பத்து நாள் எத்தனை மாதமானது என்பது எல்லோருக்கும் தெரியும். லேப்டாப் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. பைக் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. காய்கறிக்கும் ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் அதே கே.ஏ. நம்பரோடு ஓடிக்கொண்டிருந்தது.

2021 ஆகஸ்டில் ஒருநாள் சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் வாகனச் சோதனை. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர் என்று யார் சொல்கிறார்கள்?) கையைக் காட்டினார்.

"எந்த ஊரு தம்பி?"

"ராசிபுரம் பக்கமுங்க சார்."

"வண்டி?"

"பெங்களூருங்க."

"எப்ப வந்துச்சு?"

இதுதான் சிக்கலான கேள்வி. உண்மையைச் சொன்னால் பதினேழு மாதம். போன மாதம்தான் வந்தது என்று சொல்லலாம். ஆனால் எதைக் காட்டுவது? லாரியாக இருந்தால் சுங்கச்சாவடி ரசீது இருக்கும், பாஸ்டாக் கணக்கு இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது. காசு மிச்சம், சரி. ஆனால் என்று எல்லையைத் தாண்டினோம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை! மறுபக்கம், சேலத்தில் வண்டி சர்வீஸ் விட்ட பில்கள் இரண்டு அவன் பையிலேயே இருந்தன, தேதியோடு.

கொரோனா சலுகை இருக்கிறதே என்று இழுத்துப் பார்த்தான். அந்தச் சமயத்தில் காலாவதியான லைசென்ஸ், எஃப்.சி., பெர்மிட் போன்றவற்றை 2021 செப்டம்பர் 30 வரை செல்லுபடியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மத்திய அரசு அறிவித்திருந்தது உண்மை. "அது தேதி முடிஞ்ச பேப்பருக்குத் தம்பி. உன் பேப்பர் முடியவே இல்லை. வண்டிதான் இடம் மாறிடுச்சு," என்றார் அவர். நல்ல மனிதர். வண்டியைப் பிடித்து வைக்காமல், ஒரு மாதத்துக்குள் மாற்றிவிடு என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அவன் சட்டத்தைத் தேடிப் படித்தான். 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம், 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது. அதில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பிரிவு 46, இந்தியாவில் எந்த மாநிலத்தில் பதிந்த வண்டியும் இந்தியா முழுவதும் பதிந்ததாகவே கருதப்படும் என்கிறது. இதைப் படித்ததும் அவனுக்கு உற்சாகம். அப்புறம் ஏன் பிடிக்கிறார்கள்? அடுத்த பிரிவு 47, பதிந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்து நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது போலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் சண்டை இல்லை. முதல் பிரிவு போகிற வண்டிக்கு. இரண்டாவது, தங்குகிற வண்டிக்கு.

நம்மூர் வழக்கமும் இதேதானே? விருந்தாளி எத்தனை நாள் இருந்தாலும் விருந்தாளி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு அளவுக்கு மேல் தங்கினால் ரேஷன் கார்டில் பெயரைச் சேர் என்பார்கள். வண்டி எங்கெல்லாம் போகிறது என்பதைச் சட்டம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ராத்திரி எங்கே தூங்குகிறது என்றுதான் கேட்கிறது. பிரிவு 40ல் இதற்கு நேரடியாகவே வாசகம் உண்டு. உரிமையாளர் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற, வண்டி வழக்கமாக நிறுத்தி வைக்கப்படுகிற இடத்தைப் பொறுத்துத்தான் பதிவு.

ஏன் இந்த அக்கறை என்றால், வரி. அரசியல் சட்டப்படி வாகன வரி மாநிலங்களின் வருமானம். ஆயுள் வரியை மொத்தமாக வாங்கிக்கொண்ட மாநிலம் ஒன்று, ரோட்டைத் தேய்க்கிற வண்டியைச் சுமக்கிற மாநிலம் வேறொன்று என்றால் இரண்டாவது மாநிலம் சும்மா இருக்காது. கர்நாடகா 2014ல் ஒரு படி மேலே போய், வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் இருந்தாலே ஆயுள் வரி கட்ட வேண்டும் என்று தன் வரிச் சட்டத்தைத் திருத்தியது. பெங்களூரில் வேலை பார்த்த வெளியூர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மத்தியச் சட்டம் 12 மாதம் கொடுக்கும்போது மாநிலம் 30 நாளில் கேட்கக்கூடாது என்று வழக்குப் போட்டார்கள். 2016ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது.

சரி, கோஹிமா லாரிக்கு வருவோம். அதற்கு மட்டும் எப்படி இந்தப் பிரிவு 47 உறைப்பதில்லை? அப்பாவிடமே மறுபடி கேட்டான்.

"நம்ம வண்டி என்னைக்குடா ஒரே ஊர்ல பன்னெண்டு மாசம் நின்னிருக்கு? பன்னெண்டு நாள் நின்னா முதலாளி தூங்க மாட்டாரு."

பெரிய வக்கீல் வைத்து வாதாடினாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. லாரி தூங்குகிற இடம் தினம் மாறுகிறது. இன்றைக்கு விஜயவாடா, நாளைக்கு நாக்பூர். நேஷனல் பெர்மிட் இருந்தால் எல்லா மாநிலத்திலும் ஓடலாம். 2010 மே மாதத்துக்கு முன்பு வரை எந்தெந்த மாநிலத்தில் ஓட வேண்டுமோ அந்தந்த மாநிலத்துக்குத் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2010ல் அதை மாற்றி, வருடத்துக்கு 15,000 ரூபாய் ஒரே தொகையாகக் கட்டினால் நாடு முழுக்கப் போகலாம் என்று ஆக்கினார்கள் (பிறகு 16,500). அந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆக, எந்த மாநிலத்து நம்பராக இருந்தாலும் ஓடுகிற உரிமை ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அப்புறம் எங்கே வரி குறைவோ, எங்கே பேப்பர் சீக்கிரம் கைக்கு வருமோ அங்கே போய்ப் பதிவதுதானே வியாபாரிக்கு அழகு? அங்கே ஒரு தொழில் முகவரி வேண்டும், அவ்வளவுதான். அந்த முகவரி எத்தனை நிஜம் என்பது வேறு கதை.

இது நியாயமா என்றால், பாதி நியாயம். லாரிக்காரன் கட்டுகிற டீசல் வரி, சுங்கம், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டினால் அவன் மிச்சம் பிடிப்பது ஒன்றும் கோட்டை கட்டுகிற பணம் இல்லை. ஆனால் அதே வழியில் மற்றவர்களும் போனார்கள். சென்னைக்கும் மதுரைக்கும் மட்டுமே தினம் ஓடுகிற ஆம்னி பஸ்கள் நாகாலாந்து நம்பரிலும் அருணாசலப் பிரதேச நம்பரிலும் ஓடின. சுற்றுலாப் பெர்மிட் வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டு ஓட்டுகிறார்கள் என்று சொல்லி, 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு அவற்றை நிறுத்தியது. 500க்கும் மேற்பட்ட பஸ்கள். கேரளத்தில் 2017ல் சில சினிமா நட்சத்திரங்களின் விலை உயர்ந்த கார்கள் புதுச்சேரி நம்பரில் ஓடியது வழக்காகி நாறியது. அந்தக் கார்களுக்கு லாரிக்காரன் சொல்கிற சாக்கு கிடையாது. அவை தினம் ராத்திரி ஒரே போர்டிகோவில்தான் தூங்கின!

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆழ்துளைக் கிணறு போடுகிற இந்த வண்டிகள் கிளம்பினால் மாதக்கணக்கில் ஊர் திரும்பாது. மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று தண்ணீர் இல்லாத ஊர் எங்கோ அங்கெல்லாம் நம்ம ஊர் ஆட்களோடு நிற்கும். சில வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்கே போயின. அங்கே போன ரிக் வண்டிக்குக் குழப்பமே இல்லை. அது திரும்பி வருவதற்காகப் போகவில்லை. ஏற்றுமதி என்று கணக்கெழுதி, அந்த நாட்டில் சுங்கம் கட்டி, அந்த நாட்டு நம்பர் வாங்கிக்கொண்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மாதிரி.

திரும்பி வருவதற்காகப் போகிற வண்டிக்குத்தான் அதிகப் பேப்பர். இது அவனுக்குத் தெரிய வந்தது இன்னொரு ஆசையினால். இந்த பைக்கிலேயே காட்மாண்டு வரை போக வேண்டும் என்று பெங்களூர் நாட்களிலிருந்தே ஒரு கனவு.

வெளிநாட்டில் நம் நம்பரோடு ஓட்டலாமா? ஓட்டலாம். 1949 செப்டம்பர் 19ல் ஜெனீவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. ஒரு நாட்டில் முறையாகப் பதிந்த வண்டியின் நம்பரையும் பதிவுச் சான்றையும் மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அங்கேயும் ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள். தொடர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் தங்கிய வண்டிக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெனீவாவிலும் ஒரு வருடம், கொண்டலாம்பட்டியிலும் ஒரு வருடம்! அவன் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தான்.

நம்பர் பிளேட்டில் இடப்பக்கம் சின்னதாக நீல நிறத்தில் ஐ.என்.டி. என்று மூன்று எழுத்து இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்புப் பிளேட்டில் வருவது. பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நாட்டைக் குறிக்கிற சர்வதேச அடையாள எழுத்து அது. வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கு பி.ஐ., அதாவது பிரிட்டிஷ் இந்தியா. இலங்கைக்கு இன்னமும் சி.எல்.தான். நாட்டின் பெயர் மாறியும் சிலோன் அந்த எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நம்பரை ஏற்றுக்கொள்வது போலீஸ் சமாச்சாரம். சுங்கத்துறை தனி. வெளிநாட்டு பைக் உள்ளே வந்தால் அது இறக்குமதி. வந்தவன் அதை விற்றுவிட்டு விமானத்தில் பறந்துவிட்டால்? அதற்காகத்தான் கார்னே என்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று சொல்லலாம். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்று, மீதி அடிக்கட்டை இரண்டு முத்திரையோடு நம்மிடம். வண்டி திரும்பவில்லை என்றால் அந்த நாட்டு வரியைப் புத்தகம் கொடுத்த ஆட்டோமொபைல் சங்கம் கட்ட வேண்டும். அதனால் சங்கம் நம்மிடம் முன்கூட்டியே வங்கி உத்தரவாதமோ டெபாசிட்டோ வாங்கிக்கொள்ளும். இந்தியாவில் மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதைத் தருகிறது. ஈரான், பாகிஸ்தான், இலங்கை எல்லாம் கார்னே கேட்கிற நாடுகள். இந்தியாவும்தான். ஜெர்மனியிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ பக்கவாட்டில் பெட்டி கட்டிய பெரிய பைக்கில் கன்னியாகுமரிக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் தொப்பூர் டீக்கடையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வண்டி கார்னேயில் வந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போயாக வேண்டும். அவர்களுக்காக 2022 ஆகஸ்டில் தனி விதிகளே வந்தன. பதிவுச் சான்று, லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் வேண்டும், ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பு வேண்டும், உள்ளூரில் வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது, இப்படி.

நேபாளத்துக்கு நமக்குக் கார்னே தேவையில்லை. எல்லையில் பன்சார் என்கிற சுங்க ஆபீசில் நாள் கணக்கில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும். வருடத்துக்கு மொத்தம் 30 நாள் வரை. சீட்டில் உள்ள நாளைத் தாண்டி ஒரு நாள் இருந்தாலும் அபராதம். நம்ம ஊர் இன்சூரன்ஸ் அங்கே செல்லாது என்பது பலருக்குத் தெரியாது. நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், மாலத்தீவு வரை நீட்டித்துத் தர ஒரு ஷரத்து உண்டு. கேட்டால்தான் தருவார்கள், கொஞ்சம் கூடப் பணம் கட்ட வேண்டும். கேட்காமல் போய் அங்கே யார் மேலாவது வண்டியை விட்டால் வீடு வாசலை விற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் தினம் தினம் செய்கிற ஒருவர் அவன் சொந்தத்திலேயே இருந்தார். அத்தை குடும்பம் ஜோகூர் பாருவில் இருக்கிறது, மலேசியாவின் தென்கோடியில். அத்தை பையன் மலேசியக் குடிமகன், வேலை சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில். விடிகாலை நான்கரைக்கெல்லாம் எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய், இரவு திரும்பி வருகிறார். இடையிலிருப்பது ஒரு கிலோமீட்டர்ப் பாலம், 1924ல் திறந்தது. காலையில் அந்தப் பாலத்தில் நிற்கிற மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் படத்தில் பார்த்தாலே மூச்சு முட்டும். அத்தனையும் ஜே என்ற எழுத்தில் தொடங்குகிற ஜோகூர் நம்பர். வெளிநாட்டில் வெளிநாட்டு வண்டி ஓட்டுவது மற்றவர்களுக்குச் சாகசம், அவர்களுக்கு அது ஷிப்ட்.

சிங்கப்பூர் அந்த வண்டிகளுக்கு வேலைநாட்களில் நாளொன்றுக்கு 4 வெள்ளி நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறது. சனி ஞாயிறு இல்லை, வருடத்தில் 10 நாள் இலவசம். சிங்கப்பூரில் செல்லுகிற இன்சூரன்ஸ் வேண்டும். இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

"பி.ஆர். எழுதிப் போடலாமே மாமா?" என்று போனில் ஒருநாள் கேட்டான். பி.ஆர். என்றால் அங்கே நிரந்தரவாசம். பத்து வருடமாக அங்கேயே வேலை பார்க்கிறவர், கிடைக்கலாம்.

"கிடைச்சா வண்டியை விடணும்டா மாப்ள," என்றார்.

சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் பதிந்த வண்டியை அங்கே வைத்துக்கொள்ளவோ ஓட்டவோ கூடாது. அங்கேயே ஒரு பைக் வாங்கலாமே என்றால், 1990லிருந்து அங்கே வண்டி வாங்கும் உரிமையே ஏலத்தில் விடப்படுகிறது. பத்து வருடத்துக்குத்தான் செல்லும். மோட்டார் சைக்கிளுக்கான ஏலத்தொகை 2022ல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் விலை அதற்கு மேல் தனி! ஆக, அவர் ஜோகூரில் தூங்குகிற வரைக்கும்தான் அந்த வண்டி சிங்கப்பூரில் ஓடும். நல்ல வீடு, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று அக்கரையில் குடியேறிய அன்று அது நின்றுவிடும். அத்தை பையன் இன்றுவரை எழுதிப் போடவில்லை. பைக் மட்டும்தான் காரணமா என்று அவன் கேட்கவில்லை.

இந்த ஞானம் எல்லாம் வந்தபிறகு அவன் தன் கே.ஏ. வண்டியை மாற்றப் புறப்பட்டான். முதலில் பதிந்த ஆபீசில் தடையில்லாச் சான்று, படிவம் 28. அதற்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வண்டி மேல் திருட்டு வழக்கு ஏதும் இல்லை என்பதற்கான சான்று, கடன் வாங்கியிருந்ததால் வங்கியின் சம்மதக் கடிதம். அப்புறம் இங்கே படிவம் 27, வண்டியை நேரில் காட்டுவது, தமிழ்நாட்டு ஆயுள் வரி. வண்டியின் வயதுக்குத் தகுந்தபடி குறைத்துத்தான் வாங்குகிறார்கள் என்றாலும், ஏற்கெனவே 27,000 கட்டியவனுக்கு மறுபடி கட்டும்போது வலிக்கத்தானே செய்யும்? முன்பு கட்டியதில் ஓட்டாத வருடங்களுக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். புது நம்பர் வந்தபிறகு, அதைக் காட்டி, பழைய மாநிலத்தில் விண்ணப்பம் போட வேண்டும். இதற்காக மட்டும் பஸ்ஸில் மூன்று தடவை பெங்களூர் போய்வந்தான். லீவு, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் கழித்துப் பார்த்தால் திரும்பக் கிடைக்கப்போவதில் எத்தனை மிஞ்சும் என்று அம்மா கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை.

இந்த அவஸ்தையைக் குறைக்க 2021 செப்டம்பரில் பாரத் வரிசை என்று பி.எச். எழுத்தோடு ஒரு நம்பரை மத்திய அரசு கொண்டுவந்தது. அந்த நம்பர் இருந்தால் மாநிலம் மாறும்போது மறுபதிவு தேவையில்லை. வரியை ஆயுளுக்கும் மொத்தமாக வாங்காமல் இரண்டிரண்டு வருடமாக வாங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ராணுவம், அரசு வேலை, பொதுத்துறை, அல்லது நான்கு மாநிலங்களில் ஆபீஸ் வைத்திருக்கிற தனியார் கம்பெனி, இவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். அவன் கம்பெனிக்கு பெங்களூரில் ஒன்று, புனேயில் ஒன்று, மொத்தம் இரண்டே ஆபீஸ். லாரி டிரைவருக்கும் கொத்தனாருக்கும் வேலை தேடி நாலு மாநிலம் அலைகிறவர்களுக்கும் அதில் இடமில்லை. அதிகம் இடம் மாறுகிறவர்கள் அவர்கள்தான்.

2022 பிப்ரவரியில் டி.என். 28 என்று தொடங்குகிற புது நம்பர் வந்தது. பிளேட்டை மாட்டிய அன்று அப்பா லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருந்தார். துண்டால் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தார்.

"இப்பத்தான்டா நம்ம ஊர் வண்டி," என்றார். அவர் ஓட்டிவந்த என்.எல். 01 டிரெய்லர் ஆண்டகளூர் கேட்டில் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தது.

ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து கடிதம். எல்லோரும் ஆபீசுக்கு வரவேண்டும், வாரம் ஐந்து நாள். அவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கில் துணிப்பையைக் கட்டினான். அம்மா பருப்புப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து மேலே வைத்தாள்.

"பன்னெண்டு மாசம்னா அடுத்த ஜூனுங்களா சாமி?" என்று திண்ணையிலிருந்து அப்பா சிரிக்காமல் கேட்டார்.

அவன் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பையை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"கேட் வரைக்கும் கொண்டாந்து விட்டுருப்பா. பஸ்ஸுலயே போய்க்கிறேன்."